வெளுத்த பேனரில் கருத்த வீரன்

தேனி மாவட்டம் குச்சனூருக்குள் நுழைந்தாலே கருப்புத்தான் முதலில் கண்ணில் படும். சுரபி நதிக்கரையை ஒட்டிய கடைகளில் கருப்புத் துணி, எள், நல்லெண்ணெய் விளக்கு, மண்ணில் செய்த காக்கை. உள்ளே சுயம்புவாக எழுந்த சனீஸ்வரர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் சின்னமனூர்ச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டும். இந்த ஊரில் கருப்பு கையெடுத்துக் கும்பிடுகிற நிறம்.

அதே சாலைகளில், ஊர்த் திருவிழாவை ஒட்டிக் கட்டுகிற கபடிப் போட்டி பேனர்களைப் பாருங்கள். 'மாபெரும் மின்னொளி கபடி' என்று பெரிய எழுத்து. மேல் வரிசையில் தலைவர்கள். அடுத்த வரிசையில் பரிசு கொடுப்பவர்கள்: வாழை மண்டிக்காரர், ஒப்பந்தக்காரர், கட்சிப் பிரமுகர். கீழே ஓரத்தில், தபால்தலை அளவில், ஆடப்போகிற பையன்கள். அந்த முகங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று உறைக்கும். கழுத்தும் முழங்கையும் வயல்காட்டு வெயில் ஏறிய நிறம். முகம் மட்டும் மாவு பூசியதுபோல வெளுப்பு. ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர் யாரும் கேட்காமலேயே வெளுக்க வைத்துவிடுவார். "அண்ணே, கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்று தாங்களே கேட்டு வாங்குகிற பையன்களும் உண்டு.

நம் விளையாட்டு வீரனை நாம் எப்படி விற்கிறோம் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேறு வேண்டாம். அவனுடைய கால்வேகம் வேண்டும், தொடைபலம் வேண்டும், 'நம்ம ஊர்ப் பய' என்கிற பெருமை வேண்டும். அவன் பிறந்து வளர்ந்த நிறம் மட்டும் வேண்டாம். தெருவில் இருந்து வந்தவன் என்ற கதை வேண்டும். அவன் எந்தத் தெரு என்று வாய்விட்டுச் சொல்லத் தயக்கம்.

பச்சை குத்தியதை அழித்த பத்திரிகை

வீரனை விற்கிற இந்தத் தொழிலைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு அமெரிக்கா. 1984-ல் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானோடு நைக்கி ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டு 'ஏர் ஜோர்டான்' காலணி கடைக்கு வந்தது. ஒரு கருப்பின வீரரின் பெயரே ஒரு வணிகமாக மாறியது அங்கேதான். ஆனால் ஜோர்டானை விற்றவர்கள் அவரை எல்லா வீட்டு வரவேற்பறைக்கும் பொருந்துகிற மனிதராகத்தான் விற்றார்கள். தெருவை அப்படியே கடைக்குக் கொண்டுவந்தது அதற்கு அடுத்த தலைமுறை. அதன் முகம் ஆலன் ஐவர்சன்.

விர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டன் நகரின் ஏழ்மையில் வளர்ந்தவர் ஐவர்சன். பள்ளி வயதிலேயே ஒரு சண்டை வழக்கில் சிறைக்குப் போனார். பின்னால் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 1996-ல் ஃபிலடெல்ஃபியா கூடைப்பந்து அணி அவரைத் தேர்வின் முதல் ஆளாக எடுத்தது. அதே ஆண்டு ரீபாக் அவரைப் பிடித்துக்கொண்டது. இறுக்கிப் பின்னிய தலைமுடி, உடம்பெங்கும் பச்சை, தொளதொள கால்சட்டை. கருப்பின இளைஞர்களின் தெருவோர நடை உடை எதையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அதைத்தான் நிறுவனமும் விற்றது. வாங்கியவர்களில் அந்தத் தெருக்களின் பக்கமே வந்திராத வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏராளம்.

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 1999-ன் கடைசியில், அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்து சங்கத்தின் சொந்தப் பத்திரிகையான 'ஹூப்' ஐவர்சனை அட்டையில் போட்டது. அவர் உடம்பில் இருந்த பச்சை குத்தல்களைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுத்தான் போட்டது. தன் உடம்பைத் தன்னைக் கேட்காமல் திருத்தியதற்கு ஐவர்சன் கோபப்பட்டார். 2005-ல் சங்கம் உடைக்கட்டுப்பாடு கொண்டுவந்தது. அணி வேலையாக வரும்போது கழுத்துச் சங்கிலி கூடாது, தொப்பி கூடாது என்றது. தெருவை வைத்துப் பணம் பார்த்தவர்கள், அந்தத் தெரு வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது முகம் சுளித்தார்கள்.

ஹூப் பத்திரிகையின் அட்டைக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஃபிளெக்ஸ் பேனருக்கும் நடுவே கடலும் கண்டமும் கிடக்கின்றன. இரண்டிலும் நடந்த வேலை ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் ஐவர்சன் பக்கம் நின்று சொல்ல வேண்டும். அவருடைய கதைக்கான விலை அவருக்கே வந்தது. 2001-ல் ரீபாக் அவரோடு ஆயுள் ஒப்பந்தம் போட்டது. 55 வயதில் அவர் கைக்கு வரும்படி 3 கோடியே 20 லட்சம் டாலரைத் தனி நிதியாக ஒதுக்கி வைத்ததாகச் செய்திகள் வந்தன. இடையில் கையில் இருந்ததெல்லாம் கரைந்த காலத்திலும் அந்த நிதி தொடப்படாமல் நின்றது. நம் ஊர் வீரர்களின் கதையில் இல்லாமல் போவது இந்தப் பகுதிதான்.

குடிசையின் விலை

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை பதக்கம் வாங்கி வந்தால், அன்று மாலைக்குள் கேமரா அவன் வீட்டு வாசலில் நிற்கும். ஓட்டுக்கூரை, அம்மா உட்கார்ந்திருக்கும் திண்ணை, சுவரில் மாட்டிய சான்றிதழ்கள். அம்மா அழ வேண்டும். அழவில்லை என்றால் அழும்வரை கேள்வி தொடரும். இந்தப் படங்களை நானும் பார்த்துக் கலங்கியிருக்கிறேன். அதில் பொய் இல்லை. அந்த வறுமை உண்மை, அந்த உழைப்பும் உண்மை. ஆனால் பையன் எத்தனை ஆண்டு, யாரிடம், என்ன பயிற்சி எடுத்தான் என்பதற்கு அந்தச் செய்தியில் இரண்டு வரிகூடக் கிடைக்காது.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்வோம். அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தவர். நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் தெருக் கிரிக்கெட் ஆடியவர். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணிக்கு 40 லட்சத்துக்குப் போனார். 2020 டிசம்பரில் கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி, அடுத்து முதல் டி-20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி அவரைச் சாரட்டில் ஏற்றி ஊர்வலம் விட்டது.

அதே பயணத்தில் ஐதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன் முகமது சிராஜும் இருந்தார். அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோதுதான் அப்பா இறந்தார். ஜனவரியில் சிட்னி மைதானத்தில் பார்வையாளர்கள் சிலர் அவரை இழிவாகப் பேச, சிராஜ் நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது. ஆறு பேரை மைதானத்தில் இருந்து வெளியேற்றினார்கள். அந்த மாதக் கடைசியில், தொடரில் சாதித்த ஆறு இளைஞர்களுக்கு மகிந்திரா நிறுவனத் தலைவர் தார் வண்டி பரிசு அறிவித்தார். சிராஜும் நடராஜனும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். வண்டியோடு நிற்கிற நடராஜனின் படம் நாடு முழுக்கப் போனது. நல்ல மனதோடு கொடுத்த பரிசுதான், சந்தேகமில்லை. வண்டிக்கும் அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

நடராஜன் தன் கதையைத் தானே கையில் வைத்துக்கொண்ட விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டுக்கொண்டார். தெருவில் ஆடிக்கொண்டிருந்தவரைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷின் பெயரை முன்னால் வைத்துத்தான் தன் பெயரை வைத்தார். சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். சின்னப்பம்பட்டி என்ற பெயரை யாரோ அவர்மேல் ஒட்டி விற்றதுபோக, அவரே அந்தப் பெயரை எடுத்து மண்ணில் ஊன்றினார்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளத்தில் திருச்சி முடிகண்டத்து கோமதி மாரிமுத்து 800 மீட்டரில் தங்கம் வென்றார். 2 நிமிடம் 2.70 விநாடி. அந்த நேரம் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அவர் காலில் இருந்த ஜோடி சேராத காலணிகளின் படம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, பதக்கம் பறிபோய், நான்கு ஆண்டு தடை வந்தபோது, காலணிப் படத்தைப் பகிர்ந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவரைச் சுற்றி மருத்துவர், உணவு ஆலோசகர், வழக்கறிஞர் என்று யார் இருந்தார்கள் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனுக்கு இன்னும் கொடுமை. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்து, அந்தரங்கத்தையும் ஊர் பேசும்படி செய்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பதக்கம் வாங்கிய நாளில் அவரது வறுமை பெருமைக்குரிய கதையாக இருந்தது. சூளையில் நின்ற நாளில் அதே வறுமை பரிதாபக் கதையானது. இரண்டு முறையும் கதை மற்றவர்கள் கையில்தான் இருந்தது. நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2016-ல் அரசு அவரைத் தடகளப் பயிற்சியாளராக நியமித்தது.

நிறமும் சாதியும்

கருப்பு நம் நாட்டு விளையாட்டிலும் வேண்டாத நிறமாகவே இருந்து வருகிறது. 2017 ஆகஸ்டில், இந்திய கிரிக்கெட் அணியோடு இலங்கையில் இருந்த சென்னைக்காரர் அபினவ் முகுந்த் சமூக ஊடகத்தில் ஓர் அறிக்கை போட்டார். சிறு வயதில் இருந்தே தன் நிறத்தை வைத்து மற்றவர்கள் பேசியதை, வெயிலில் நாள் முழுக்க ஆடியதால் கருத்ததை, அதற்காகத் தான் வருந்தாததை எழுதினார். 2021-ல் எல். சிவராமகிருஷ்ணன் தன் வாழ்நாள் முழுவதும், சொந்த நாட்டிலேயே, நிறத்தால் ஒதுக்கப்பட்டதாகச் சொன்னார். 1984 பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் அவர். சிவராமகிருஷ்ணன் பேசியதற்கு முந்தைய ஆண்டுதான், 2020-ல், மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சமி, ஐதராபாத் அணியில் தன்னையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலு' என்று கூப்பிட்டதன் பொருள் இப்போதுதான் புரிகிறது என்று குமுறினார். கூப்பிட்டவர்கள் அன்பாகத்தான் சொன்னோம் என்றார்கள். அன்புக்கு ஏன் அந்தச் சொல் தேவைப்பட்டது?

இதே நாட்டில் 1975-ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' வந்தது. 2005-ல் ஆண்களுக்கான வெளுப்புக் களிம்பும் வந்தது. 2020-ல் முதல் களிம்பின் பெயரை மாற்றினார்கள். பெயர்தான் மாறியது. நம் சினிமாவும் ஒத்தாசை செய்தது. அல்லிநகரம் பாரதிராஜா 1977-ல் தொடங்கி மண்ணின் முகங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது இந்த மாவட்டத்தின் பெருமை. அதன் பிறகும் கிராமத்து வீரனாக நடிக்க, சிவந்த நடிகருக்குக் கருப்பு அப்புகிற வழக்கம் போகவில்லை. நிஜமான கருத்த பையனுக்கோ பேனரில் வெள்ளை அப்புகிறார்கள்.

அமெரிக்காவில் இனம் செய்கிற வேலையை இங்கே பெரும்பாலும் செய்வது சாதி. இதை மழுப்பிப் பேச எனக்கு விருப்பமில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் எடுத்த முதல் இந்தியப் பெண் ஆனார் வந்தனா கட்டாரியா. 2021 ஆகஸ்டில் அணி அரையிறுதியில் தோற்ற அன்று, ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதுதான் தோல்விக்குக் காரணம் என்றார்கள்.

வடக்கே நடந்தது என்று ஆறுதல் பட முடியாது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பதினோராம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனைப் பேருந்தில் இருந்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் அணி ஜெயித்ததில் வந்த பகை என்று குடும்பம் சொன்னது. பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி, 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு அரசிடம் அறிக்கை கொடுத்தது. தென்மாவட்டங்களின் கபடிச் சட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கயிறு புதிதாக இருக்காது. அணியின் பெயரில், சட்டையின் நிறத்தில், பேனரின் தலைப்பில் இருக்கும் தலைவர் படத்தில், எந்தத் தெரு அணி என்று எழுதாமலே எழுதியிருக்கும். 1989-ல் போடிப் பக்கம் வெடித்த சாதிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு இந்த நிறங்களின் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் நம் ஊரில் 'தெருப் பெருமை' இரண்டு விதமாக விலை போகிறது. ஒரு தெருப் பையன் ஜெயித்தால் ஊரே பேனர் வைக்கும். இன்னொரு தெருப் பையன் ஜெயித்தால் அந்தத் தெரு மட்டும் வைக்கும். வெளியில் இருந்து வரும் விளம்பரக்காரர் முதல் பேனரைத்தான் பார்ப்பார்.

தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்ற கிராமத்தில் இருந்து வந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் வாங்கினார். பரந்த தமிழ்நாடு அவர் பெயரைத் தெரிந்துகொண்டது 2025 தீபாவளிக்கு மாரி செல்வராஜின் 'பைசன்' வந்த பிறகு. நடுவில் முப்பது ஆண்டுகள். எந்தக் காலணி நிறுவனமும், எந்தப் பானமும் அந்த முகத்தைத் தேடி வரவில்லை.

அந்தப் படம் வெளியான அதே மாதத்தில் சென்னைக்கு ஒரு நல்ல சேதி வந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதியில் ஈரானை 75-21 என்று வீழ்த்தியது. துணைக் கேப்டன் கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். சென்னைக் குடிசைப் பகுதிகளில் இருந்து பிடுங்கப்பட்டவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று பிள்ளைகள் மறைத்த இடம். இன்று 'கண்ணகி நகர் கார்த்திகா' என்பதே அவர் பெயராகிவிட்டது. அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. தெருவின் பெயரைத் தலைநிமிர்ந்து சுமந்துவந்த அந்தப் பெண், தெருவுக்கே ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

பள்ளத்தாக்கின் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. பல்லவராயன்பட்டியில் ஜல்லிக்கட்டு. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, நடுமாடு, பெரியமாடு என்று பிரித்து ஓடும் மாட்டுவண்டிப் பந்தயங்கள். பக்கத்துப் பெரியகுளத்தில் அறுபது ஆண்டுகளைக் கடந்து நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. அங்கே வந்து ஆடும் அணிகளின் பெயரைக் கேட்டாலே நம் நாட்டு வீரனின் சந்தை விளங்கும்: இந்தியன் வங்கி, கடற்படை, ரயில்வே. அமெரிக்காவில் கூடைப்பந்து வீரனுக்குக் காலணி ஒப்பந்தம் கனவு. இங்கே வங்கியில் ஓர் இருக்கை, போலீஸில் ஒரு சீருடை. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கருப்பா சிவப்பா என்று கேட்காமல் மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் அது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு பல வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது.

2014-ல் புரோ கபடி வந்தபோது அந்தக் கணக்கு மாறும் என்று தோன்றியது. ஓரளவு மாறவும் செய்தது. தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் தலைமையில் 2016-ல் பாட்னா அணி கோப்பை வாங்கியது. 2023 ஏலத்தில் பவன் ஷெராவத் 2 கோடியே 60 லட்சத்துக்குப் போனார். தமிழ் தலைவாஸ் 2017-ல் வந்தது. முதல் கேப்டன் இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். நல்ல வீரர், குறையில்லை. ஆனால் 'தமிழ்', 'தலைவா' என்று நம் உணர்ச்சியைத் தொடுகிற பெயரை வைத்துவிட்டு, நம் ஊர்ப் பிள்ளைகளை எந்த அளவுக்கு முன்னால் நிறுத்தினார்கள் என்ற கேள்வியை ரசிகர்கள் அன்றே கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள்.

குச்சனூர் வயல்களில் நாற்றுக் கட்டு சுமக்கிற பையனும், விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற பையனும் இரவு ஒன்பது மணிக்கு மின்விளக்கின் கீழ் பாடிப் போகிறார்கள். கால்முட்டி பெயர்ந்தால் வைத்தியம் வீட்டுச் செலவு. அவர்கள் ஆட்டத்தை யாரோ மொபைலில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். அதில் வரும் காசு ஏற்றியவருக்கு. பரிசுத்தொகை அணி நிர்வாகியின் கைக்குப் போகிறது. பேனரில் பெரிய படம் பரிசு கொடுத்தவருக்கு.

மாற்ற முடியாத காரியமில்லை இது. போட்டி நடத்துகிற குழு நினைத்தால் வருகிற ஆடியிலேயே செய்யலாம். ஆடுகிறவன் படம் மேலே, அவன் நிறத்திலேயே, அவன் பெயரோடு. பரிசுப் பணம் ஆடியவர்களின் வங்கிக் கணக்குக்கு. வீடியோ எடுப்பவரோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம், வருவாயில் அணிக்குப் பங்கு. காயத்துக்குக் காப்பீடு. எல்லாத் தெரு அணிக்கும் ஒரே மைதானம், ஒரே நேரப் பட்டியல். சாதித் தலைவர் படமுள்ள சட்டைக்குக் களத்தில் அனுமதி இல்லை.

பெண்களுக்கும் ஒரு பிரிவு வேண்டும். புரோ கபடி 2016-ல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கு ஒரு சிறு போட்டி நடத்தியது. அத்தோடு சரி. உலகக் கோப்பையும் ஆசியத் தங்கமும் வாங்கி வருகிற பெண்களுக்கு அந்த ஏல மேடையில் இன்றுவரை நாற்காலி இல்லை. கார்த்திகா என்ன விலைக்குப் போவார் என்று பேசுவதற்கே இடம் இல்லை என்பது எனக்கு ஆறவில்லை. தமிழ்நாடு அரசும் மாநிலக் கபடிக் கழகமும் சேர்ந்து பெண்கள் லீக் ஒன்றைத் தொடங்கட்டும். மாவட்டத்துக்கு ஓர் அணி, தேனிக்கும் ஓர் அணி. அந்த அணியின் சட்டையில் சின்னமனூர் மண்டிகளும் போடி ஏலக்காய் வணிகர்களும் கம்பம் திராட்சைத் தோட்டக்காரர்களும் தங்கள் பெயரைப் போடட்டும், காசு கொடுத்து, முறையாக எழுதிக் கையெழுத்திட்டு.